நடைக்கு நேரம் வேண்டும், இடமும் வேண்டும்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விடியற்காலைப் பொழுதில் பிரயாணம் செய்கிறவர்கள், தியாகதுருகத்தை நெருங்கும்போது, லாரிகளின் முகப்பு விளக்கு வெளிச்சத்தில், சாலையின் விளிம்பை ஒட்டி வேகமாக நடந்து செல்லும் ஆண்களையும், அவர்களுக்குச் சற்றுப் பின்னால், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடக்கும் பெண்களையும் கண்டிருக்கக்கூடும். சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் எச்சரித்ததனால் நடப்பவர்கள் சிலர். முழங்கால் வலிக்கு உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று நடப்பவர்கள் சிலர். யாரும் சொல்லாமலே, தொப்பை தள்ளிவிட்டதே என்ற கவலையில் நடப்பவர்களும் உண்டு.

இவர்களுடைய பாட்டனாரும் பாட்டிமாரும் நடப்பதற்கென்று நடந்தவர்கள் அல்லர். கரும்பு வெட்டவும், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கவும், நாற்று நடவும், சந்தைக்குப் போய்வரவும் நடந்தார்கள். மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், கடுக்காயும் தேனும் சுமந்துகொண்டு மலைப்பாதைகளில் இறங்கி ஏறியதைத் தேகாப்பியாசம் என்று ஒருவரும் அழைத்ததில்லை. இன்றோ தெருக்கோடி டீக்கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம். இதன் பலன் கணக்கில் வந்துவிட்டது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். ஆண்களில் இது 37 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்கள் 30.9 சதவீதம், ஆண்கள் 28.2 சதவீதம். சில ஆண்டுகளுக்குள் இப்படி வளர்ந்த ஒரு வியாதியை நகரத்துப் பணக்காரர்களின் விவகாரம் என்று தள்ளிவிட இனி முடியாது.

ஆகவே, விடியற்காலையில் நடக்கப் புறப்படுகிறவர் மனத்தில் ஒரு சந்தேகம் எழுவது இயல்பே. ஜிம்முக்குப் போகும் பிள்ளை, "மூச்சு வாங்க ஓடினால்தான் கொழுப்பு கரையும், இந்த நடையெல்லாம் வீண்" என்கிறான். கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்சோ, நாடித்துடிப்பு குறைவாக இருக்கும்போதுதான் கொழுப்பு எரிகிறது என்று வர்ணம் காட்டுகிறது. இரண்டில் எதை நம்புவது? கொழுப்பைக் கரைக்க விரும்பும் சாமானிய மனிதருக்கு முதலில் முக்கியம் நேரம், அடுத்தது வேகம். இந்த இரண்டும் பயன் தர வேண்டுமானால், உணவும் கூடவே ஒழுங்குபட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்மார்ட் வாட்ச் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நம் சரீரம் எந்நேரமும் கொழுப்பையும் மாச்சத்தையும் கலந்தே எரித்துச் சக்தியைப் பெறுகிறது. மெதுவாக நடக்கையில் அந்தக் கலவையில் கொழுப்பின் பங்கு அதிகம். பிரயாசை கூடக் கூட மாச்சத்தின் பங்கு ஏறி, கொழுப்பின் பங்கு இறங்கும். ஒருவருடைய உச்சபட்சத் திறனில் ஏறத்தாழப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரையிலான பிரயாசையில்தான் கொழுப்பு மிகுதியாக எரிகிறது என்பது 1990-களிலிருந்து ஆராய்ச்சியாளர் பலர் அளந்து கண்ட விஷயம். ஆனால் பங்கு வேறு, மொத்தம் வேறு. உதாரணத்துக்கு, அரைமணி உலாவலில் 100 கலோரி செலவாகி அதில் 60 கொழுப்பிலிருந்து வந்தாலும், அதே அரைமணி ஓட்டத்தில் 300 கலோரி செலவாகி அதில் 120 கொழுப்பிலிருந்து வந்தால், பங்கு குறைந்தும் தொகை கூடிவிடுகிறதல்லவா? அதைவிட முக்கியமானது, பயிற்சி நேரத்தில் எது எரிந்தது என்பதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை என்பது. ஓடும்போது மாச்சத்தைச் செலவழித்த உடல், பின்னர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் கொழுப்பை அதிகமாக எடுத்துக்கொள்கிறது. நாள் முழுவதும், வாரம் முழுவதும் உள்ளே போனதற்கும் வெளியே செலவானதற்கும் இடையிலுள்ள வித்தியாசமே இடுப்பின் சுற்றளவைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் ஓடலாமே என்று கேட்கலாம். ஓடத் தக்கவர்கள் தாராளமாக ஓடட்டும். இடையிடையே சிறிது இளைப்பாறி, மீண்டும் மீண்டும் கடுமையாக ஓடும் முறை இப்போது பிரசித்தமாக இருக்கிறது. அதில் நேரம் மிச்சமாகிறது. இருதயத்தின் திறனும் விரைவில் வளர்கிறது. ஆனால் மிதமான பயிற்சியோடு அதை ஒப்பிட்ட ஆய்வுகள், செலவாகும் சக்தி சமமாக இருந்தால் கரையும் கொழுப்பும் ஏறக்குறைய சமமே என்று காட்டுகின்றன. ஓடி முடித்த பிறகும் பல மணி நேரம் உடல் எரிந்துகொண்டிருக்கும் என்று சொல்லப்படுவதும் மெய்தான் என்றாலும், அந்த அளவு சொற்பம். இருபது வயதுப் பையனுக்குப் பொருந்தும் ஒன்றை, ஐம்பது வயதில், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, தேய்ந்த முழங்காலோடு பாத்திரக்கடையில் உட்கார்ந்திருப்பவர் முதல் நாளே செய்யப் புகுந்தால், இரண்டாம் வாரம் பயிற்சியை விட்டுவிடுவதே பெரும்பாலும் நடக்கும். விட்டுவிட்ட பயிற்சியினால் ஒரு கொழுப்பும் கரையாது.

நேரத்தின் மகிமையை அண்மைக்கால ஆராய்ச்சி ஒன்று தெளிவாகக் காட்டியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான அந்தத் தொகுப்பாய்வு, உலகின் பல நாடுகளில் நடந்த 116 சோதனைகளையும், அவற்றில் பங்குகொண்ட 6,880 பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. வாரத்தில் கூடுதலாகச் செய்த ஒவ்வொரு 30 நிமிஷப் பயிற்சிக்கும் ஏறத்தாழ அரைக் கிலோ எடையும், அரைச் சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. வாரத்துக்கு 300 நிமிஷம் வரை இந்தப் பலன் கூடிக்கொண்டே சென்றது. கண்ணுக்குத் தெரியும்படியான மாறுதல் வேண்டுமானால், மிதமான வேகத்துக்குக் குறையாமல் வாரத்தில் 150 நிமிஷமாவது தேவை என்று அது முடிவு கூறியது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்கு விதித்த அளவும் இதுவே: மிதமான பிரயாசையில் வாரம் 150 முதல் 300 நிமிஷம்.

மிதமான வேகம் என்பதை அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. நடந்துகொண்டே கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும். ஆனால் ஒரு பாட்டைப் பாட முயன்றால் மூச்சுத் திணற வேண்டும். ஊர்க் கதைகளைச் சிரமமில்லாமல் அரைமணி பேசிக்கொண்டு நடக்க முடிந்தால், அது உலாவல். சற்றே எட்டி வைக்க வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நிற்க வேண்டியிருந்தால், அது அவருக்கு இப்போதைக்கு மிகுதி. இந்த வேகத்தில் வாரத்துக்கு ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு 45 நிமிஷம் முதல் ஒரு மணி வரை நடப்பது நம்மில் பெரும்பாலோருக்குச் சாத்தியமானது. முதல் மாதம் 20 நிமிஷத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிஷமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். உடம்பு பழகிய பிறகு, இடையிடையே ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை வேகத்தைக் கூட்டலாம். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் மாறி மாறிப் போரிட்ட கோட்டையைத் தாங்கிய குன்று தியாகதுருகத்திலேயே நிற்கையில், ஏற்றத்தில் ஏறுவதற்கு நம் ஊர் இளைஞர்கள் மாதச் சந்தா கட்டி இயந்திரத்தைத் தேட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாட்கள், உட்கார்ந்து எழுவது, பளு தூக்குவது போன்ற தசைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால், எடை குறையும்போது கொழுப்போடு தசையும் குறைந்துபோகும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்களும், நெஞ்சு வலி கண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கலாகாது.

இனி, சொன்னால் மனம் கசக்கும் ஒரு கணக்கு. எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால், சும்மா இருந்தாலே செலவாகியிருக்கும் பங்கு போக, சுமார் 200 கலோரி சொச்சம் செலவாகும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கிய சக்தியோ ஏறத்தாழ 7,700 கலோரி. நாள் தவறாமல் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தால்தான் ஒரு கிலோ. நடை முடிந்து திரும்புகையில், கூட்டாளிகளோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த மெதுவடை இரண்டும் சாப்பிட்டால், அந்த ஒரு மணி நேரச் செலவு முழுவதும் வரவாகத் திரும்பிவிடுகிறது. இரவில் பரோட்டாவைக் குறைக்காமல் காலை நடையை மட்டும் கூட்டுகிறவர்கள், ஆறு மாதம் கழித்து, நடையினால் பிரயோஜனமில்லை என்று சொல்வதைக் கேட்கிறோம். குற்றம் நடையினுடையது அன்று.

இந்த உண்மையை நம் தேசத்திலேயே நடந்த ஒரு பழைய ஆய்வு சுட்டிக்காட்டியது. மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றின் தொழிலாளர்களை ஆராய்ந்து, ழான் மேயர் என்ற விஞ்ஞானியும் அவருடைய இந்தியச் சகாக்களும் 1956-இல் வெளியிட்ட கட்டுரையில், நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும், மூட்டை சுமந்தவர்களுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ உண்டார்கள் என்றும், அவர்களே எல்லோரிலும் பருமனாக இருந்தார்கள் என்றும் கண்டார்கள். உழைப்பு குறைந்தால் பசியும் அதே அளவுக்குக் குறைந்துவிடும் என்று நாம் நம்புகிறோமே, அது நடப்பதில்லை. தியாகதுருகம் கடைவீதியில் கல்லாவின் முன் காலையிலிருந்து இரவு வரை அமர்ந்திருக்கும் வியாபாரிகள் இந்த ஆய்வைத் தங்களுக்கென்று எழுதப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எடை குறையவில்லையே என்று மனம் தளர்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் பொதுவான ஆலோசனை பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39.3 சதவீதத்தினருக்கே வந்தது. விசேஷம் என்னவென்றால், இந்த இரண்டாம் வகையினருக்கு எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை. தராசு முள் அசையாத மாதங்களிலும் நடையானது உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றியே கொழுப்பு சேர்வதனால், தராசைவிட அளவு நாடாவையே நம்புவது நல்லது: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம் நாட்டு மருத்துவர்கள் வகுத்த எல்லை.

நேரம்தான் முக்கியம் என்று ஜனங்களிடம் சொல்லிவிட்டு, அந்த நேரத்தை எங்கே செலவிடுவது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. லாரியும் பேருந்தும் விரையும் நெடுஞ்சாலையின் விளிம்பில், வெளிச்சம் வராத வேளையில், ஒரு மணி நேரம் நடக்கும்படி எந்தப் பெண்ணிடமும் யோசனை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெருவுக்குள் நடக்கலாமென்றால் நாய்கள். வயல் வரப்பில் நடக்கலாமென்றால் இருட்டு. ஆண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போகும் பெண்ணுக்கு விடியற்காலை ஒன்றே ஓய்வு. அந்த வேளையிலும் பத்திரமான இடமில்லை என்றால், அவள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறாள்.

இடம் கிடைத்தால் ஜனங்கள் நடப்பார்கள் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. சென்னையில் நடுத்தர வருவாயினர் வசிக்கும் குடியிருப்பு ஒன்றில், டாக்டர் வி. மோகன் குழுவினர் செய்த பிரசாரத்தினால் ஊக்கம் பெற்ற வாசிகள், தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்தார்கள். அதன் பிறகு, வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் பயிற்சி செய்கிறவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாகப் பெருகினார்கள். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில், மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை என்ற திட்டத்தைத் தொடங்கியதும் போற்றத்தக்கதே. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்பது, ஏதோ ஞாயிற்றுக்கிழமைக்கு உதவுமேயன்றி, நாள்தோறும் நடக்க வேண்டியவருக்கு உதவாது. நடைபாதை வீட்டிலிருந்து கால்மணி தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

இதற்குக் கோடிக்கணக்கான ரூபாய் தேவையில்லை. பள்ளி மைதானங்கள் இருக்கின்றன. மணி அடிப்பதற்கு முன்னும், பிள்ளைகள் வீடு திரும்பிய பின்னும் அவை வெறிச்சோடித்தான் கிடக்கின்றன. தியாகதுருகம் பேரூராட்சியும் கல்வித் துறையும் கலந்து பேசி, காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரையிலும், மாலையில் இரண்டு மணி நேரமும் ஒரு மைதானத்தையேனும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, நான்கு விளக்குகளும் ஒரு காவலாளியும் ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்குத் தொகை ஒதுக்குமாறு வார்டு உறுப்பினர்களை ஊர் மக்கள் நேரில் கண்டு கேட்க வேண்டும்.