ஒதுங்க ஓர் இடம் வேண்டும்!

2018-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி இரவு உத்தரப் பிரதேசத்தையும் ராஜஸ்தானையும் தாக்கிய புழுதிப் புயலும் இடிமழையும் நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. ஆக்ரா, பரத்பூர், ஆல்வார், தோல்பூர் மாவட்டங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சுவர்களும் கூரைகளும் சரிந்து விழுந்தன. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. மண்ணில் ஊன்றி நின்ற வீடுகளே தாங்காத காற்றை, நான்கு சக்கரங்களின் மீது நிற்கும் ஒரு வீடு எப்படித் தாங்கும் என்கிற கேள்வி அன்று யாருக்கும் எழவில்லை. இனி அக்கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

காரணம், படுக்கை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னுள்ளேயே கொண்ட 'கேரவன்' வாகனங்களில் ஊர் சுற்றும் வழக்கத்தை அரசுகளே இப்போது ஊக்குவிக்கின்றன. மத்திய சுற்றுலா அமைச்சகம் இதற்கென வழிகாட்டு நெறிகளை வகுத்துள்ளது. மகாராஷ்டிரமும் கேரளமும் 2021-இல் தனிக் கொள்கைகளையே அறிவித்தன. விடுதிகள் கட்ட முடியாத மலைகளிலும் நீர்நிலைகளின் ஓரங்களிலும் பெரிய கட்டுமானங்கள் இல்லாமலேயே பயணிகளைத் தங்கவைக்கலாம். உள்ளூர் மக்களுக்கும் வருவாய் கிடைக்கும். அந்த வகையில் இது வரவேற்கத்தக்க முயற்சி என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், கோடை விடுமுறையில் குடும்பங்கள் பயணம் கிளம்பும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்கள்தான் இந்தியாவில் இடிமின்னலின் பருவமும்கூட. வட மாநிலங்களில் 'ஆந்தி' எனப்படும் புழுதிப் புயலும், வங்கத்தில் 'கால்பைசாகி' எனப்படும் சூறைக்காற்றும், கேரளத்தில் பருவமழைக்கு முந்தைய கடும் மின்னலும் இந்த மாதங்களில்தான் வருகின்றன. கடலில் உருவாகும் புயலுக்குப் பல நாள் அவகாசம் உண்டு. பிற்பகல் வெயிலில் திரளும் இடிமேகமோ சில மணி நேரம்கூடத் தருவதில்லை.

காற்றின் வேகம் இரு மடங்கானால், அதன் தாக்குவிசை நான்கு மடங்காகிறது. உயரமும் அகலமும் கொண்ட தட்டையான பக்கச்சுவர், உயரத்தில் அமைந்த எடைமையம், தரையோடு எந்தப் பிணைப்பும் இல்லாத சக்கரங்கள் என்று காற்று கவிழ்ப்பதற்குத் தோதான எல்லாமே கேரவனில் உண்டு. நிழலுக்காக மரத்தடியிலும் அழகுக்காக ஆற்றங்கரையிலும் அதை நிறுத்தும் பழக்கம் ஆபத்தை மேலும் கூட்டுகிறது. 2025 மார்ச் 30 அன்று இமாசலப் பிரதேசத்தின் மணிகரணில் வேரோடு சாய்ந்த ஒரு மரம், கீழிருந்த வாகனங்கள் மீதும் மனிதர்கள் மீதும் விழுந்ததில் ஆறு பேர் உயிரிழந்தனர். 2022 ஜூலை 8 அன்று அமர்நாத் குகையருகே திடீரெனப் பாய்ந்த வெள்ளம் பக்தர்களின் கூடாரங்களை அடித்துச் சென்றது. ஆறும் மலையும் கூடாரத்துக்கும் வாகனத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

மின்னலைப் பொறுத்தவரை தவறான நம்பிக்கையே முதல் எதிரி. ரப்பர் சக்கரங்கள் காப்பாற்றும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் காப்பது சக்கரமல்ல. மின்சாரத்தைத் தன் மேற்பரப்பு வழியாகவே தரைக்குக் கடத்திவிடும் உலோகக் கூடு. கூரையும் சுவரும் கண்ணாடியிழையால் ஆன வாகனத்துக்கும், பக்கவாட்டில் விரிக்கப்படும் துணிப் பந்தலுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் மின்னலுக்கு 2,887 பேர் பலியானார்கள் என்பதை நினைவில் கொண்டால், இந்த வேறுபாட்டைப் பயணிகளுக்குச் சொல்ல வேண்டியது எத்தனை அவசியம் என்பது புரியும்.

வெளியே உள்ள ஆபத்துக்கு அஞ்சிக் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு நச்சு வாயுவே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. அன்று புயல் இல்லை. ஆனால், மின்சாரம் தடைபட்டு, மழைக்காக எல்லாத் திறப்புகளும் அடைக்கப்பட்டு, ஜெனரேட்டரோ அடுப்போ இயங்கும் புயல் இரவில் இதே விபரீதம் நேர்வதற்கான வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

எனவே, கேரவன் என்பது பயணத்துக்கான வாகனமே தவிர, புயலுக்கான புகலிடம் அல்ல. வானம் கறுக்கும்போதே அதைவிட்டு இறங்கி உறுதியான கட்டடத்துக்குள் சென்றுவிடுவதுதான் அறிவுடைமை. அதற்கு வழியில்லாதபோது மரம், விளம்பரப் பலகை, மின்கம்பி, ஆற்றுப்படுகை ஆகியவற்றிலிருந்து விலகி மேட்டுநிலத்தில் வண்டியை நிறுத்துவதும், அதன் பக்கவாட்டுச் சுவரில் அல்லாமல் முகப்பில் காற்று மோதும்படி திருப்பிவைப்பதும், துணிப் பந்தலைச் சுருட்டிவிட்டு எரிவாயுவை மூடுவதும் ஓரளவுக்கு ஆபத்தைக் குறைக்கும். நீர் பெருக்கெடுத்தோடும் தரைப்பாலத்தைக் கடக்க முயல்வது எந்த வாகனத்துக்கும் தற்கொலைக்குச் சமம்.

எச்சரிக்கைக்கு இன்று பஞ்சமில்லை. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பை இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக வெளியிடுகிறது. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் தாக்கும் வாய்ப்பைச் சொல்கிறது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சச்சேத்' அமைப்பு, செல்பேசிக்கே அந்தந்த மாநில மொழியில் தகவல் அனுப்புகிறது. எச்சரிக்கை கிடைத்தபின் எங்கே போவது என்பதுதான் விடை தெரியாத கேள்வி.

ஒடிசா அதற்கு விடை கண்டது. 1999-இல் வீசிய பெரும்புயலில் அம்மாநிலம் ஏறத்தாழ 10,000 பேரைப் பறிகொடுத்தது. 2013-இல் 'பைலின்' புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு 50-ஐத் தாண்டவில்லை. இடைப்பட்ட காலத்தில் முன்னறிவிப்பு மட்டும் மேம்படவில்லை. கடலோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன. "கிளம்புங்கள்" என்ற அறிவிப்போடு "இங்கே வாருங்கள்" என்று காட்டுவதற்கு ஓர் இடமும் இருந்தது.

இந்தக் கேள்வி வசதிபடைத்த சுற்றுலாப் பயணிகளை மட்டும் சார்ந்தது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. வண்டிக்குள்ளேயே வாழ்பவர்களில் அவர்கள் மிகச் சிறுபான்மையினர். தேசத்தின் சரக்குகளைச் சுமக்கும் லாரி ஓட்டுநர்கள் ஆண்டின் பெரும்பகுதி இரவுகளை ஓட்டுநர் அறையில்தான் கழிக்கின்றனர். 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் லாரிகளில் அந்த அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று அரசு விதித்தது வெக்கையைத் தணிக்கும், சூறைக்காற்றைத் தடுக்காது. ராஜஸ்தானிலிருந்து தில்லி வரை சாலையோரங்களில், தலைமுறை தலைமுறையாக மாட்டுவண்டியையே வீடாகக் கொண்ட காடியா லோஹர் எனப்படும் நாடோடிக் கொல்லர்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஆந்தி வீசும் இரவில் அவர்களுடைய தார்ப்பாய்க்கு என்ன நேர்கிறது என்பது தலைநகரின் செய்திகளில்கூட இடம்பெறுவதில்லை.

ஆகவே, செய்ய வேண்டியவை தெளிவானவை. கேரவன் பூங்கா ஒவ்வொன்றிலும், அங்கு தங்கும் அனைவரையும் கொள்ளக்கூடிய, இடிதாங்கியுடன்கூடிய உறுதியான கட்டடம் அனுமதிக்கான முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். வெள்ளம் பாயும் தாழ்நிலங்களிலும் நிலச்சரிவுப் பகுதிகளிலும் பூங்காவுக்கு அனுமதி கூடாது. வாகனத்தை வாடகைக்கு விடுவோர், புயல்கால நடைமுறையை எழுத்தில் தருவதோடு, நச்சு வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியையும் பொருத்த வேண்டும். 'அப்னா கர்' என்ற பெயரில் பெட்ரோல் நிலையங்களில் அமைக்கப்பட்டுவரும் லாரி ஓட்டுநர் ஓய்வறைகளும், நெடுஞ்சாலைகளில் உருவாகும் பயணியர் வளாகங்களும் புயல்நேரத்தில் எவரும் ஒதுங்கும் புகலிடங்களாகவும் அறிவிக்கப்பட வேண்டும்.

அந்த இடங்களின் உறுதியும் சோதிக்கப்பட வேண்டும். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் நிலையத்தின் மீது ராட்சத விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேரைக் கொன்றது. 40 அடிக்கு மேல் கூடாது என்ற விதி இருந்த நகரில் அது 120 அடி உயரத்துக்கு எழுந்து நின்றது. அங்கு உயிர்களைப் பறித்ததில் காற்றைவிட, விதிமீறலைக் கண்டும் காணாமல் இருந்த நிர்வாகத்துக்கே பங்கு அதிகம்.

புயலை நிறுத்தும் ஆற்றல் எந்த அரசுக்கும் இல்லை. ஆனால், சாலையில் இருக்கும் மனிதன் ஓடி ஒதுங்குவதற்கு ஓர் உறுதியான கூரையை எழுப்பும் ஆற்றல் எல்லா அரசுகளுக்கும் உண்டு. பயணிகளை அழைத்து விளம்பரம் செய்வதற்கு முன்பே அந்தக் கூரை எழுந்தாக வேண்டும்!