மார்க்கும் ஒரு முதல்தான்!



சென்ற மாதம் ஒரு நாள் காலையில் கடை திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடித்த நேரம். நம்மிடம் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரரின் மகன் வந்தார். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார்ப்பொடி அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கப் போகிறாராம். மெஷின் வாங்கியாகி விட்டது. மிளகாய்க்குச் சொல்லி வைத்தாகி விட்டது. "அண்ணாச்சி, பெயர் மட்டும் இன்னும் அமையவில்லை. நீங்கள்தான் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும்" என்று ஒரு தாளை நீட்டினார்.

தாளில் பதினேழு பெயர்கள் இருந்தன. ஐந்து சாமி பெயர்கள். அவருடைய மகளின் பெயர், ஆங்கில எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் மூன்று விதமாக. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மசாலாக் கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி இரண்டு. மீதியெல்லாம் "கோல்டு", "ஸ்பெஷல்", "நம்பர் ஒன்" வகை. "இதில் எது அண்ணாச்சி ராசியான பெயர்?" என்று கேட்டார்.

"ராசி இருக்கட்டும் தம்பி. இதில் எது உன்னுடைய பெயர்?" என்று திருப்பிக் கேட்டோம். அவருக்குப் புரியவில்லை. இந்தக் கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் எங்களுக்கும் புரிந்திருக்காது. புரியாமல் இருந்ததற்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் சாமி பெயரை எடுத்துக் கொள்வோம். தெய்வத்தின் பெயரில் தொழில் தொடங்குவது நம் வழக்கம். அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் முருகன் எல்லோருக்கும் பொது. ஒரே பஜாரில் நான்கு முருகன் ஸ்டோர் இருந்தால், உங்கள் பாக்கெட்டுக்கு நீங்கள் சேர்க்கும் நல்ல பெயரில் முக்கால் பங்கு மற்ற மூவருக்கும் போகும். அவர்கள் சேர்க்கும் கெட்ட பெயரில் உங்களுக்கும் பங்கு வரும். "ராமாயண்" என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனி உரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் தனக்கென்று வைத்துக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லி விட்டது. சாமி பெயர் வேண்டும் என்றால் அதைக் கடைக்கு வையுங்கள். கல்லாவுக்கு மேல் படமாக மாட்டுங்கள். சரக்குக்குத் தனியாக ஒரு பெயர் தேடுங்கள்.

அடுத்தது, ஓர் எழுத்தை மாற்றி வைக்கும் பெயர். இதில் நம் மாநிலத்து மூக்குப்பொடி வழக்கு ஒன்றை எல்லா வியாபாரிகளும் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். "ஸ்ரீ அம்பாள்" என்று ஒரு மார்க் பதிவாகிச் சந்தையில் இருந்தது. இன்னொரு மூக்குப்பொடி வியாபாரி "ஸ்ரீ ஆண்டாள்" என்ற மார்க்கைப் பதிவு செய்யக் கேட்டார். அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு என்பது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969இல் தீர்ப்பாயிற்று. பொருள் வேறாக இருந்தாலும், காதில் விழும்போது இரண்டும் ஒன்று போல இருக்கின்றன, வாங்குகிறவர் குழம்புவார் என்று பதிவு மறுக்கப்பட்டது.

சட்டம் படித்தவர்கள் இதற்கு ஆயிரம் விளக்கம் சொல்வார்கள். கடையில் நிற்கும் நமக்கு ஒரே விளக்கம் போதும். நம் வாடிக்கையாளர் லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குவதில்லை, வாயால் கேட்டு வாங்குகிறார். கூட்ட நேரத்தில், லாரிச் சத்தத்துக்கு நடுவே, சிறு பையன் வந்து நின்று கேட்கும்போது எது காதில் விழுகிறதோ அதுதான் பெயர். அந்தச் சோதனையில் இன்னொருவர் பெயரோடு உங்கள் பெயர் ஒட்டிக் கொண்டால், அது உங்களுக்கு ஆகாது.

இந்த இடத்தில் மொத்த வியாபாரிகளாகிய நம்முடைய குற்றத்தையும் ஒப்புக் கொள்ள வேண்டும். போலிப் பெயர்ச் சரக்கு தானாக நடந்து கடைக்கு வருவதில்லை. கமிஷன் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று நாம்தான் இறக்குகிறோம். அசல்காரர் பத்து ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்ததை, நம் கை வழியாகவே மற்றவர் அள்ளிக் கொண்டு போகிறார். நாளை நம் மார்க்குக்கும் அதே கதி வரும்போது யாரிடம் போய் முறையிடுவது?

மூன்றாவது வகை, சரக்கின் தரத்தையோ ஊரையோ சொல்லும் பெயர். "சுத்தம்", "ருசி", "ஸ்பெஷல்" போன்ற சொற்கள் எல்லா வியாபாரிக்கும் வேண்டியவை; ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கச் சட்டம் சாதாரணமாக இடம் தராது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். ஈரோடு மஞ்சளுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அது அந்த ஊரில் முறைப்படி அந்தச் சரக்கைச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான பெருமை. தனி ஒருவரின் மார்க் ஆகாது.

பிறகு எந்தப் பெயர்தான் நிற்கிறது? திண்டுக்கல் அணில் சேமியாவைப் பாருங்கள். அணிலுக்கும் சேமியாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அதனால்தான் மனத்தில் ஒட்டிக் கொண்டது. சிவகாசிப் பட்டாசில் கோழி மார்க் உண்டு; அணில் மார்க்கும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்கலாம். சேமியாவில் ஓர் அணிலும் பட்டாசில் ஓர் அணிலும் ஓடினாலும் யாரும் குழம்புவதில்லை, சரக்கு வேறு என்பதால். மசாலாவில் "ஆச்சி" என்ற பெயரைப் பாருங்கள். அது மிளகாயையும் சொல்லவில்லை, மல்லியையும் சொல்லவில்லை. ஆனால் நெல்லைப் பக்கம் பாட்டியை அழைக்கும் சொல்; செட்டிநாட்டில் வீட்டுப் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். கேட்டவுடன் அடுப்படி நினைவுக்கு வருகிறது. சரக்கை நேராகச் சொல்லாமல், சரக்கின் பக்கம் மனத்தைத் திருப்பும் பெயருக்கு அது நல்ல உதாரணம்.

எண் ஜோதிடம் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் பார்த்துக் கொள்ளட்டும். ஆனால் எழுத்தைக் கூட்டிக் கூட்டி, கடைப் பையனால் உச்சரிக்க முடியாத பெயராக்கி விட வேண்டாம். கூட்டுத்தொகை சரியாக வந்து, வாயில் வராமல் போன பெயர்கள் பலவற்றை நம் குடோனில் பார்த்திருக்கிறோம். விற்காமல் திரும்பியவை அவை.

இனி எங்கள் கதை. எங்கள் தகப்பனார் 1974இல் துவரம்பருப்பு மூட்டையில் ஒரு குருவிப் படத்தை அச்சடித்தார். சாக்கில் மையால் குத்திய சின்னப் படம்தான். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கமெல்லாம் "குருவிப் பருப்பு" என்று பெயர் நின்று விட்டது. பின்னால் நாங்கள் ஒரு கிலோ, அரைக் கிலோ பாக்கெட் போட்டபோதும் அதே குருவிதான். பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றவே இல்லை. "நம் குருவியை யார் பிடித்துக் கொண்டு போகப் போகிறார்கள்?" என்று தகப்பனார் சிரிப்பார்.

2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. பதிவு பெற்ற பெயரில் பாக்கெட் போட்டு விற்கும் பருப்பு, அரிசி, மாவுக்கு 5 சதவீதம் வரி. பெயர் இல்லாததற்கு வரி இல்லை. கிலோவுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் லாபத்தில் ஓடும் பருப்பு வியாபாரத்தில் ஐந்து சதவீதத்தை யார் தாங்குவது? பலர் தங்கள் மார்க் பதிவை ரத்து செய்ய ஓடினார்கள். அரசு விடவில்லை. 2017 மே 15ஆம் தேதி பதிவில் இருந்திருந்தால், பிறகு ரத்து செய்தாலும் வரி உண்டு என்று செப்டம்பரில் அறிவித்தது. பதிவு ஆகாத பெயராக இருந்தாலும், அதன் மேல் வழக்குப் போடும் உரிமை இருந்தால் வரி உண்டு. வரி வேண்டாம் என்றால் அந்த உரிமையை விட்டுக் கொடுப்பதாகப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதை ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஆங்கிலத்திலும் நம் மொழியிலும் அழியாத மையில் அச்சடிக்க வேண்டும்.

நாங்கள் எழுதிக் கொடுத்தோம். அச்சடித்தோம். கெட்டிக்காரத்தனம் என்றே அன்று நினைத்தோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறு மாவட்டத்திலிருந்து அதே குருவி, அதே பச்சைக் கரை போட்ட பாக்கெட்டில் வந்து இறங்கியது. பருப்பு மட்டமான பருப்பு. வாடிக்கையாளர்கள் எங்கள் கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். அந்தக் கம்பெனியாரை நேரில் போய்க் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. எங்கள் பாக்கெட்டையே எடுத்து மேஜை மேல் வைத்து, அதில் அச்சடித்திருந்த வரியில் விரலை வைத்து, "உரிமை வேண்டாம் என்று நீங்களே போட்டிருக்கிறீர்களே அண்ணாச்சி" என்றார். வக்கீலும் வழக்கு நிற்பது கஷ்டம் என்று சொல்லி விட்டார்.

பிறகு 2022 ஜூலை 18இல் சட்டம் மாறியது. மார்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 25 கிலோ வரை பொதிந்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசி, பருப்பு, மாவுக்கெல்லாம் 5 சதவீதம். அரிசியில் 26 கிலோ சிப்பம் பிறந்ததும் அதனால்தான். ஆக, வரியைத் தவிர்க்கப் பெயரைக் கொடுத்தோம். ஐந்தே ஆண்டில் வரியும் வந்தது, பெயரும் திரும்பவில்லை. 43 ஆண்டுகள் தகப்பனாரும் நாங்களும் சேர்த்த முதலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து விட்டோம். இப்போது 2023 முதல் வேறு பெயரில் பாக்கெட் போடுகிறோம். "குருவிப் பருப்பு இல்லையா ஐயா?" என்று கேட்கும் பாட்டிமார்களுக்கு இன்னும் பதில் சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

வரி வரும், போகும். சதவீதம் கூடும், குறையும். பெயர் ஒரு முறை போனால் போனதுதான். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அனுபவப்பட்டவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறோம்.

பெயரை முடிவு செய்யும் முன் பதிவகத்தின் இணையதளத்தில் அதே ஓசையுள்ள பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், கட்டணம் இல்லை. சரக்கின் வகுப்பைத் தெரிந்து கொள்ளுங்கள். மொத்தம் 45 வகுப்புகள். மசாலா, அரிசி, மாவு, காபித்தூள் 30இல் வரும், சமையல் எண்ணெய், ஊறுகாய் 29இல், சோப்பு, ஊதுபத்தி 3இல், தீப்பெட்டி 34இல். பாக்கெட் அச்சடிக்கும் முன்னரே விண்ணப்பம் போடுங்கள். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, தனி நபரும் சிறுதொழில் செய்பவரும் இணையம் வழியாகப் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். நம் மாநிலத்துக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பத்திரிகையில் வெளியானபின் நான்கு மாதம் ஆட்சேபணைக்கு நேரம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வட்டத்துக்குள் "ஆர்" போடுவதைப் பதிவு கிடைத்த பிறகே செய்யுங்கள்.

பதிவு இல்லாவிட்டாலும் முதலில் பயன்படுத்தியவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நிரூபிக்க வேண்டும். முதல் லேபிள், அச்சகத்தின் முதல் ரசீது, முதல் ஆண்டு பில் புத்தகம் ஆகியவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டு விடாதீர்கள். நிலப்பத்திரத்தோடு பெட்டியில் வையுங்கள்.

இன்னொன்று, பாகப்பிரிவினை. கடையை எழுதுகிறோம், வீட்டை எழுதுகிறோம், தராசைக்கூட எழுதுகிறோம். மார்க் யாருக்கு என்று எழுத மறந்து விடுகிறோம். பிறகு அண்ணன் "அசல்" என்று போர்டு வைக்கிறார், தம்பி "ஒரிஜினல்" என்று போர்டு வைக்கிறார். வாடிக்கையாளர் இருவரையும் விட்டு மூன்றாவது கடைக்குப் போகிறார். பத்திரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தச் சண்டை இல்லை.

நமது சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உரிமம் புதுப்பிக்கவும் கணக்குத் தாக்கல் செய்யவும் சங்கத்தில் உதவுகிறோம். அதுபோல மாதம் ஒரு நாள் மார்க் பதிவுக்கென்று ஒதுக்குவோம். உறுப்பினர்களின் மார்க்குகளை லேபிளோடு ஒரு பதிவேட்டில் ஒட்டி வைப்போம். உறுப்பினர் ஒருவரின் பெயரைப் போன்ற போலிச் சரக்கை மற்ற உறுப்பினர் இறக்குவதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடுவோம்.

அந்தத் தம்பி மறுபடியும் வந்தார். பதினேழு பெயர்களையும் அடித்து விட்டு, புதிதாக ஒரே ஒரு பெயரை எழுதிக் கொண்டு வந்திருந்தார். அவருடைய ஊர்க் கண்மாயில் வந்து இறங்கும் ஒரு பறவையின் பெயர் அது. தேடிப் பார்த்தோம், அந்த வகுப்பில் யாரும் வைக்கவில்லை. "விண்ணப்பம் போட்டு விட்டு வா தம்பி, முதல் பாக்கெட்டை நம் கடையிலேயே இறக்கலாம்" என்று சொல்லி அனுப்பினோம்.