குதிரைக்கு முதலுதவி

திண்டிவனத்திற்கு மேற்கே விளங்கும் செஞ்சிக் கோட்டையைக் காணாதார் நம்முள் சிலரே. 1714 ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்து மாண்ட தேசிங்குராசனது கதையை அறியாதாரும் சிலரே. பகைவர் அவன் பரியின் காலை வெட்டி வீழ்த்தினர் என்பர். அக்கதை கேட்டுக் கண்ணீர் உகுக்கும் நாம், நம் தெருவில் ஒரு குதிரையின் கால் அறுபடின் யாது செய்வோம்?

யான் கண்டது கூறுவேன். சென்ற கோடையில் விழுப்புரத்தை அடுத்த ஓரூரில், மணவிழா ஊர்வலத்திற்குக் கொணர்ந்த குதிரையொன்று வேட்டொலிக்கு வெருண்டு, தகரவேலியில் முன்காலைக் கிழித்துக்கொண்டது. ஒருவர் மண்ணெண்ணெய் என்றார்; மற்றொருவர் காப்பித்தூளையே அப்பிவிட்டார். பலர் செல்பேசியிற் படம் பிடித்தனர். யானும் வாளா நின்றேன். ஐயனார்க்கு மண்குதிரை நேர்ந்து நிறுத்தும் நாட்டில், உயிர்க்குதிரைக்கு ஒரு தூய துணி அகப்படவில்லை!

பின்னர் வந்த கால்நடை மருத்துவர் விளக்கியது வருமாறு. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை இல்லை. தோலை ஒட்டியே குருதிக்குழாய்கள் ஓடுதலின் சிறு வெட்டும் மிகுதியாய் ஒழுகும். ஆயினும் 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஏறத்தாழ 40 லிட்டர் குருதி உண்டாதலின், தரையிற் கண்ட சிவப்பைக் கொண்டு கலங்கலாகாது. பழகியவர் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்து இன்சொற் கூறுக. மற்றவர் பின்புறம் நில்லாது, தோளருகே நின்று, தடித்த தூய துணியைப் புண்மேல் வைத்து அழுத்துக. பதினைந்து நிமிடம் எடுத்துப் பார்த்தலாகாது. பார்ப்பின் உறைந்த குருதி மீண்டும் உடையும். துணி நனையின் அதன்மேலேயே வேறொன்றை வைத்துப் பஞ்சுறையோடு இறுகக் கட்டுக. கயிற்றாற் காலை முறுக்கிக் கட்டுதலும், தைத்த ஆணியைப் பிடுங்குதலும், நடத்திச் செல்லுதலும் தீங்கு. மூட்டருகே உண்டான புண் சிறிதாயினும் கொடிது. குதிரை ரணஜன்னிக்கு எளிதில் இரையாவது. ஆதலின் அதற்குரிய ஊசி இன்றியமையாதது. 1962 என்னும் எண்ணில் அழைப்பின் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

நம் கல்லூரி முதலுதவி வகுப்பில் மனிதர்க்கே பயிற்சி தருகின்றனர். விலங்குகட்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாகாதோ? சட்கா வண்டிகள் மறைந்தனவே, குதிரை எங்கே என்பார் உளர். திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மாட்டை அவர்கள் கண்டதில்லை போலும். அதற்கும் அத்துணியே, அவ்வழுத்தமே.