பாத்தி போடத் தெரியாத புள்ளியியல்

சோதனை வடிவமைப்பை ஆழமாகப் படிக்க இன்று யாரும் வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. இத்துறையின் புகழ்பெற்ற பாடநூலை 1976இல் வெளியிட்ட டக்ளஸ் மாண்ட்கோமரியே, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காகக் கோர்செரா இணையதளத்தில் பாடம் நடத்துகிறார். அடிப்படையில் தொடங்கி ஸ்ப்ளிட் பிளாட் வரை நான்கு படிப்புகள். என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் விரிவுரைகளைக் காசில்லாமல் கேட்கலாம், தேர்வுக்குத்தான் கட்டணம். கணக்குப் போட உதவும் ‘ஆர்’ மென்பொருளும் இலவசம். நல்ல புள்ளியியல் ஆசிரியரைத் தேடி அலைய வேண்டிய நாட்டில் இது சாதாரண வசதியல்ல.

ஆனால், பாடத்தின் பெயர் வடிவமைப்பு என்றிருந்தாலும் மாணவரின் நேரத்தை விழுங்குவது பகுப்பாய்வுதான். தரவுக் கோப்பு ஆயத்தமாக வந்துவிடுகிறது. எதை மாற்றுவது, எத்தனை முறை திரும்பச் செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்து, எண்களையும் எழுதிவைத்துவிட்டார்கள். நாலு கட்டளை தட்டி, பி-மதிப்பைப் பார்த்தால் வேலை முடிந்தது. இத்துறையை உருவாக்கிய ரொனால்டு ஃபிஷர், 1938இல் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில், சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போலத்தான் என்று எச்சரித்தார். இணைய வகுப்பு அந்தப் பிரேதப் பரிசோதனையை நேர்த்தியாகக் கற்றுத்தருகிறது.

ஒரு நெல் வயலை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் பாய்ச்ச இரண்டு முறைகள்: எப்போதும் நிற்கவிடுவது, காயவிட்டுப் பாய்ச்சுவது. தழைச்சத்துக்கு நான்கு அளவுகள். வயலை மூன்று பகுதிகளாக்கி, பகுதிக்கு ஒரு முறையாக மூன்று முறை திரும்பச் செய்தால் 24 பாத்திகள். தழைச்சத்தைப் பாத்திக்குப் பாத்தி மாற்றலாம். தண்ணீரை அப்படி மாற்றினால் வரப்பு வழியே கசிந்து பக்கத்துப் பாத்தியைக் கெடுத்துவிடும். அதனால் நான்கு பாத்திகளைச் சேர்த்துப் பெரிய வரப்பு கட்டி, அந்தத் தொகுதி முழுவதற்கும் ஒரே தண்ணீர் முறை. இதுதான் ஸ்ப்ளிட் பிளாட். தண்ணீரைப் பொறுத்தவரை இங்கே இருப்பவை 24 பாத்திகள் அல்ல, 6 தொகுதிகள்.

இது தெரியாமல் எட்டுச் சேர்க்கைகள் கொண்ட சாதாரணச் சோதனையாகக் கணக்கிட்டால், பிழையை மதிப்பிட 14 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (சுயேச்சையான தகவல்கள்) கிடைக்கும். தண்ணீர் முறைகளின் வேறுபாட்டைப் பிழையோடு ஒப்பிடும் எஃப் மதிப்பு, 5 சதவீத மட்டத்தில், 4.60-ஐத் தாண்டினால் போதும், வேறுபாடு உண்டு என்று சொல்லிவிடலாம். 6 தொகுதிகளை வைத்துச் சரியாகக் கணக்கிட்டால் மிஞ்சுவது வெறும் 2. தாண்ட வேண்டிய வரம்பு 18.51. இரண்டு கணக்குக்கும் மென்பொருள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் விடை தரும். வரப்பு எங்கே கட்டப்பட்டது என்பது அதற்குத் தெரியாது.

அதே 24 பாத்திகளில் தழைச்சத்தை இரண்டு அளவாகக் குறைத்து, ஆறு முறை திரும்பச் செய்திருக்கலாம். தண்ணீருக்கான வரம்பு 6.61 ஆக இறங்கியிருக்கும். பதிலுக்கு, தழைச்சத்து கூடக் கூட விளைச்சல் எப்படி வளைகிறது என்பது தெரியாமல் போகும். எதை விட்டுக்கொடுப்பது? தண்ணீரைப் பற்றித்தான் கேள்வி என்றால் நான் தழைச்சத்தை விட்டுக்கொடுப்பேன். இப்படி ஒரு முடிவை விதைப்புக்கு முன் எடுப்பதுதான் வடிவமைப்பு. பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாராந்திர வினாத்தாளில் இதற்கு இடம் குறைவு.

தொகுதியை விட்டுப் பாத்தியை எண்ணும் தவறைப் படித்தவர்கள் செய்வார்களா என்று கேட்கலாம். 1984இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் சூழலியல் சோதனைகளை அலசியபோது, புள்ளியியல் சோதனைகளைப் பயன்படுத்தியவற்றில் 48 சதவீதம் இந்த வகைப் பிழையில் சிக்கியிருந்தன. எல்லாம் ஆய்விதழ்களில் வெளியானவை. (புள்ளியியலாளர்கள் ஆர்.சி. போஸும் சி.ஆர். ராவும் இத்துறையை வளர்த்த நாட்டில், நம் ஆய்வேடுகளை யாராவது அப்படி அலசினால் நல்லது.)

இதற்கு மருந்து இணையத்தை ஒதுக்குவதல்ல. புள்ளியியலாளர் வில்லியம் ஹண்டர் 1977இலேயே, மாணவர்கள் சொந்தமாக நடத்திய 32 சோதனைகளைக் காட்டி, ஆளுக்கொரு சோதனையே சிறந்த பாடம் என்று எழுதினார். இன்னொரு புள்ளியியலாளரான ஜார்ஜ் பாக்ஸ் காகித ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுப் பொறியாளர்களுக்குக் கற்பித்தார். நமக்கு இட்லி மாவு போதும். உளுந்து அளவு, வெந்தயம் உண்டா இல்லையா, புளிக்கும் நேரம் ஆகிய மூன்றையும் இரண்டிரண்டு நிலைகளில் வைத்தால் எட்டுச் சேர்க்கைகள். உளுந்தும் வெந்தயமும் அரைக்கும்போதே முடிவாகிவிடும். நேரத்தை மட்டும், அரைத்த மாவை இரண்டு பாத்திரங்களில் பிரித்து மாற்றலாம். நெல் வயலின் ஸ்ப்ளிட் பிளாட் அப்படியே அடுப்படிக்கு வந்துவிடுகிறது. ஒரே ஈட்டில் வெந்த 16 இட்லிகளின் உயரத்தை அளந்துவிட்டு, 16 சோதனை செய்ததாக நினைக்கும் மாணவரிடம், “மாவு எத்தனை முறை அரைத்தாய்?” என்று கேட்டாலே போதும்.

ஆயிரக்கணக்கில் சேரும் வகுப்பில் இந்தச் சொந்தச் சோதனைகளை யார் திருத்துவது என்ற கேள்வி நியாயமானது. என்பிடெல்லுக்குக் கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன, பொறுப்பாசிரியர்களும் இருக்கிறார்கள். இப்போது பொதுவாகத் தேர்வுக்குப் போகும் 75 மதிப்பெண்ணில் 25-ஐச் சொந்தச் சோதனைக்கு ஒதுக்கலாம். பாத்தி வரைபடம், சீட்டுக் குலுக்கி எடுத்த வரிசை, எதை ஒரு அலகாகக் கொள்கிறார் என்ற விளக்கம் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பொறுப்பாசிரியர் அதில் தேதியோடு கையெழுத்திட வேண்டும். முதல் அளவை எடுத்த பிறகு வந்து சேரும் பக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது.