பத்ரிக்குப் புறப்படுமுன்

பங்குனி பிறந்தாலே எங்கள் திருவரங்கத்தில் பத்ரி யாத்திரைப் பேச்சு தொடங்கிவிடும். நடை திறக்கும் நாளன்றே பெருமாளைச் சேவிக்க எழுபதைக் கடந்தவர்களும் முந்துகின்றனர். கோலூன்றும் மூப்பு வருமுன் வதரியை வணங்கச் சொன்னவர் திருமங்கையாழ்வார். ஆகவே அந்த அவசரத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் மலையின் நிலையை அறிந்து புறப்படுதல் நலம்.

2025 பிப்ரவரி 28 அன்று, பத்ரிநாத்துக்கும் மாணா கிராமத்துக்கும் இடையே எல்லைச் சாலை அமைப்பின் முகாம் பனிச்சரிவில் புதைந்தது. சிக்கிய 54 தொழிலாளரில் 46 பேர் மீட்கப்பட்டனர். 8 பேர் மாண்டனர். சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறையின் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் முந்தைய நாளே எச்சரிக்கை விடுத்திருந்தது.

மலைமேல் விழும் ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. அடியிலுள்ள அடுக்கு சில வேளை சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். அதன்மேல் புதுப்பனி கனமாக விழுந்தால், சரிவான இடத்தில் மேலடுக்கு முழுவதும் பெயர்ந்து வழுக்கி இறங்கும். வாராக்கடன்மேல் புதுக்கடன் கொடுத்ததுபோல என்று எனக்குத் தோன்றும். வங்கிப் பழக்கம் விடவில்லை! வெயில் ஏறி ஈரம் ஊறினாலும் பிடிப்பு தளரும். அண்மை ஆண்டுகள் சிலவற்றில் மார்கழி, தை மாதங்கள் வறண்டு கிடக்க, மாசி, பங்குனியில் பனி மொத்தமாகக் கொட்டியிருக்கிறது. வெப்பம் கூடும் காலத்தில் விழும் பனியை நம்ப முடியாது.

தீபாவளிக்குப்பின் பத்ரியில் நடை சாத்துவதும், உத்தவரும் குபேரரும் பாண்டுகேசுவரத்துக்கு எழுந்தருளுவதும், அம்மாதங்களில் நாரதரே பூசிப்பதாகக் கூறும் ஐதிகமும் அன்பர்கள் அறிந்தவையே. மலையை அறிந்தவர்கள் வகுத்த ஏற்பாடு அது. ஆனால் நடை திறந்துவிட்டது என்பதாலேயே மேற்சரிவுகளில் பனி தீர்ந்துவிட்டதாகாது. சாலை வழியே கோயில்வரை செல்வோர்க்கு அபாயம் குறைவுதான். மாணாவைத் தாண்டி வசுதாரை அருவிக்கு நடக்கும் ஆசையைத்தான் தொடக்க வாரங்களில் அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஆடி, ஆவணியில் மழையும் மண்சரிவும் உண்டு. புரட்டாசிப் பிற்பகுதியில் பெரும்பாலும் வானம் தெளிந்திருக்கும். குளிர் கடுமைதான், கம்பளி போதும். முன்பணம் கட்டுமுன், பனி எச்சரிக்கை வந்தால் ஜோஷிமடத்தில் ஓரிரு நாள் தங்கவைப்பார்களா, திரும்பும் பயணச்சீட்டை மாற்றித் தருவார்களா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். திருப்பிரிதி என்று பெரியோர் கொள்ளும் ஜோஷிமடத்தில் நரசிம்மர் எழுந்தருளியிருக்கிறார். காத்திருக்கும் நாள் வீணாகாது.