தண்டனை முடிந்த பிறகு

கிடர்பூரிலிருந்து நடந்தே போய்விடலாம், இன்று அருங்காட்சியகமாகிவிட்ட அலிப்பூர் மத்திய சிறைக்கு. ஒரு பள்ளி மாணவியைக் கொன்ற வழக்கில் தனஞ்சய் சாட்டர்ஜி 2004 ஆகஸ்டு 14 அன்று அங்கேதான் தூக்கிலிடப்பட்டார். அந்தப் பெண்ணைப் பெற்றவர்களிடம் போய்க் கருணை பேச எனக்கு வாய் வராது.

ஆனால் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் திரும்பி வருகிறவர்கள். எப்படித் திரும்புகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மேற்கு வங்கத்தில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் சிறைகளைத் 'திருத்த இல்லங்கள்' ஆக்கியது. பெயர்ப் பலகை மாற்றங்களை ரயில்வேயில் நிறையப் பார்த்தவன் நான். அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் 2007-இல் நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் பிரெசிடென்சி சிறைக்குள் போய்க் கைதிகளுக்கு நடனம் கற்பித்தார். கொள்ளைக்காரன் முனிவனாகும் தாகூரின் 'வால்மீகி பிரதிபா'வை அவர்களையே ஆட வைத்தார். ஒருவன் தாளம் தவறினால் எல்லார் ஆட்டமும் கெடும். அதற்குக் கட்டுப்பட்டு நிற்பது, தடியடிக்குப் பயந்து நிற்பதைவிடக் கடினம் என்பேன்.

வால்மீகியாக ஆடிய நைஜல் அக்காரா 2009-இல் விடுதலையானார். வேலைதான் கிடைக்கவில்லை. தாமே துப்புரவு, காவல் பணி நிறுவனம் தொடங்கி, சிறையிலிருந்து வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார். 2012-இல் 'முக்ததாரா' படத்திலும் நடித்தார்.

நம் குடியிருப்புக் காவலுக்கு அப்படி ஒருவர் வந்தால் சேர்த்துக்கொள்வோமா? அடுத்த செயற்குழுவில் பேசலாமே. சேர்ப்பதானால், மற்றவர்களுக்குத் தரும் சம்பளத்தையே தர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.