நூறு நாள் வேலை உண்டு. கூலி மட்டும் இல்லை!

"வேலைக்கு வா! கூலி கேட்காதே! கருவியையும் கையோடு கொண்டு வா!"

இப்படி ஒருவர் ஆள் கூப்பிட்டால் காரைக்குடியில் ஒரு கொத்தனார் வருவாரா, ஒரு சிற்றாள் வருவாரா? சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால், இப்படிக் கூப்பிடுவது கஞ்சப் பிரபு ஒருவர் அல்ல, தோழர்களே! டில்லியிலே வீற்றிருக்கும் நிதி ஆயோக்! திட்டக் கமிஷன் இருந்த இடத்தில் 2015-ல் முளைத்த அந்த அமைப்பு, மாணவர்களைப் பயிற்சிப் பணிக்கு — 'இன்டர்ன்ஷிப்' என்கிறார்களே, அதற்கு — அழைக்க விதி வகுத்தது. ஊதியம் கிடையாது என்பது அதில் ஒரு விதி. மடிக்கணினியை மாணவரே கொண்டுவர வேண்டும் என்பது இன்னொன்று. சட்டம் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இந்த வாசலில்தான் நிற்கவேண்டியிருக்கிறது.

"விருப்பமிருந்தால் போகட்டும், இல்லாவிட்டால் இருக்கட்டும். இதிலென்ன அநியாயம்?" என்று கேட்பார்கள். சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. இந்திய பார் கவுன்சில் 2008-ல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்புக்காரர் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்காரர் 12 வாரம் பயிற்சிப் பணி செய்தே தீரவேண்டும். வக்கீலிடம், நீதிமன்றத்தில், அரசு அமைப்பில், தொண்டு நிறுவனத்தில் — எங்கேயாவது செய்தாக வேண்டும். பயிற்சியை நாம் எதிர்க்கவில்லை. கரையில் நின்றுகொண்டு நீச்சல் பழக முடியாது என்பதை நாமும் அறிவோம். ஆனால், வேலையைக் கட்டாயமாக்கிய விதி, கூலியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லையே, ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு ஐந்து வேலை நாள். இருபது வாரத்துக்கு எத்தனை? நூறு நாள்!

நூறு நாள் வேலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கண்மாய்க் கரை. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மண்வெட்டி பிடித்த தாய்மார்களுக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு ஒன்றிய அரசு குறித்த நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளுக்கு 33,600 ரூபாய். (அந்தச் சட்டத்தையே 2025 டிசம்பரில் மாற்றி, காந்தியார் பெயரையும் எடுத்துவிட்டார்கள், அது தனிக் கதை!) தாய் கண்மாயிலே நூறு நாள் மண் சுமந்தால் கூலி 33,600. மகள் அலுவலகத்திலே நூறு நாள் கோப்பு சுமந்தால் கூலி சுழி! அந்த நாட்களில் ஒரு பகுதியை டில்லியிலே கழிக்க நேர்ந்தால், பல்லவன் வண்டியேறிச் சென்னை, அங்கிருந்து டில்லி, அங்கே அறை வாடகை, இரு வேளைச் சோறு — தாய் சம்பாதித்த கூலி, மகள் கூலியில்லாமல் உழைப்பதற்குச் செலவாகும்! உழைப்பவரே பணம் கட்டி உழைக்கும் விந்தையை வேறெங்கே காண்போம்?

"கற்றுக்கொள்ள வருபவருக்குக் கூலி எதற்கு? அனுபவமே கூலிதானே!" என்பது அவர்களுடைய வாதம்.

செட்டிநாட்டிலே இருந்துகொண்டு இந்த வாதத்தை நாம் ஒப்ப முடியுமா? பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவிக் கடை நடத்திய காலத்தில், இந்த மண்ணிலிருந்து கப்பலேறிய பெட்டியடிப் பையன் தொழில் பழகத்தான் போனான். பெட்டியடியில் அமர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தான். அவனையும் சம்பளம் பேசித்தான் அனுப்பினார்கள். கிட்டங்கியிலே சோறும் போட்டார்கள். வட்டிக் கணக்கிலே தம்பிடி விடாதவர்கள் கொடுத்தார்கள். வரிப்பணத்தை வாரி வைத்திருக்கும் டில்லி கொடுக்காதா?

ஐ.டி.ஐ. முடித்துத் தொழிற்சாலைக்குப் பழகப் போகிறாரே நம் தோழர், அவருக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் சொல்கிறது. அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. ரம்பம் பிடிக்கப் பழகினால் பணம் உண்டு. ஊசி போடப் பழகினால் பணம் உண்டு. சட்டம் பழகினால் மட்டும் இல்லையா?

டில்லியால் முடியாது என்பதும் பொய். அதே டில்லியில், வெளியுறவு அமைச்சகம் வகுத்த பயிற்சித் திட்டத்தில் மாதம் 10,000 ரூபாயும் விமானக் கட்டணமும் உண்டு. அதே அரசு, அதே கஜானா! ஓர் அமைச்சகத்துக்குக் கனிகிற மனம் இன்னோர் அமைப்புக்குக் கல்லாவது ஏன்? 2024-ல் 'பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம்' என்று தம்பட்டம் அடித்தார்கள். ஒரு கோடிப் பேருக்கு மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். கல்லூரியில் முழுநேரம் படிப்பவருக்கு இடமில்லை என்று அடியிலே சேர்த்துக்கொண்டார்கள்!

காசு விவகாரம்தானே, இதற்கு இவ்வளவு பேச்சா என்று எண்ணவேண்டாம். நாளை நீதிமன்றத்தில் யார் அமர்வது என்கிற விவகாரம் இது. 1951-ல் செண்பகம் துரைராசன் வழக்கிலே வகுப்புரிமை ஆணை வீழ்த்தப்பட்டபோது, பெரியார் மூட்டிய கிளர்ச்சியின் வேகத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே வந்தது. நாற்காலியில் இருப்பவர் யார் என்பது நமக்கு அன்றே புரிந்த பாடம். ஆதிதிராவிடர் குலத்திலே பிறந்த வரதராசனார் 1973-ல், கலைஞர் ஆட்சியில், உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். ஆனால் 2018 முதல் 2022 டிசம்பர் வரை நாட்டின் உயர் நீதிமன்றங்களில் அமர்த்தப்பட்ட 537 நீதிபதிகளில் 79 விழுக்காட்டினர் பொதுப் பிரிவினர், பிற்படுத்தப்பட்டோர் 11 விழுக்காடு, தாழ்த்தப்பட்டோர் 2.8 விழுக்காடு! நாடாளுமன்றக் குழுவிடம் ஒன்றியச் சட்ட அமைச்சகமே கொடுத்த கணக்கு இது.

இந்த ஏற்றத்தாழ்வு முளைவிடும் இடங்களில் ஒன்று, கூலியில்லாப் பயிற்சி. டில்லியிலே மாமன் வீடு இருப்பவர் போகிறார்; பெரிய இடத்துப் பழக்கம் பெறுகிறார்; சான்றிதழோடு திரும்புகிறார். ஆத்தங்குடியிலே பூக்கல் வார்ப்பவரின் மகளும், காரைக்குடியிலே கண்டாங்கி நெய்பவரின் மகனும் ஊரிலேயே நின்றுவிடுகிறார்கள். இவர்கள் படிக்கத்தானே 2022-ல் காரைக்குடியிலே அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது? நாம் திறந்த கதவுக்குப் பின்னால், டில்லி இன்னொரு கதவைச் சாத்துவதா?

இளம் வக்கீல்களுக்கு மாதம் 20,000 ரூபாய், சிற்றூர்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2024 சூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மதிப்பெண்ணுக்காகச் செய்யும் பயிற்சியில் ஊதியம் கூடாது என்றிருந்த தடையை அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2016-ல் எடுத்துவிட்டது. வெள்ளை மாளிகையும் 2022-ல் பயிற்சி மாணவருக்கு ஊதியம் கொடுக்கத் தொடங்கியது. உலகம் நகர்கிறது, நிதி ஆயோக் நகரக் கூடாதா?

நாம் கேட்பவை மூன்று. பயிற்சியைக் கட்டாயமாக்கிய பார் கவுன்சில், அரசு அமைப்புகளில் உதவித்தொகையையும் கட்டாயமாக்கட்டும். ஒன்றிய அரசின் எல்லா அமைப்புகளும், வெளியுறவு அமைச்சகத்தின் அளவையாவது பின்பற்றட்டும். அரசு சட்டக் கல்லூரி மாணவருக்கு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலும், சட்டப் பணிகள் ஆணைக் குழுவிலும், தொழிலாளர் நீதிமன்றத்திலும் உதவித்தொகையோடு பயிற்சி தர மாநில அரசு வழி செய்யட்டும். நாம் தேர்ந்தெடுக்கும் அரசிடமும் உரிமையோடு கேட்போம்.

ஊதியமில்லா உழைப்புக்கு நம் கிராமத்திலே 'வெட்டி' என்று பெயர். அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. ஏசியாட் தொழிலாளர் வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்றது. மாணவர் பயிற்சி அந்த வகையில் சேராது என்று வக்கீல்கள் வாதாடலாம், வாதாடட்டும். அந்தப் பிரிவைப் பாடமாகப் படிக்கும் பிள்ளையையே கூலியின்றி வேலை வாங்குவது நியாயமா என்பதற்கு, வாதம் அல்ல, விடை வேண்டும்.

கிளைதோறும் தீர்மானம் போடுங்கள், தோழர்களே! நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுங்கள். உழைப்புக்குக் கூலி வேண்டும் என்று ஆலை வாசலிலே முழங்கிய நாம், சட்டக் கல்லூரி வாசலிலே மௌனமாக இருப்பதா?